சொல்லிக்கொள்ளாமல்

“இப்ப உள்ள ஆளுகளுக்கு எதுத்தாப்புல உக்காந்து பேசத் தெரியல. எல்லாத்துக்கும் ஒரு செல்லு. அருப்புக்கோட்டைக்கு வாங்கன்னா பஸ்ஸேறிப் போயிட்டு வந்துறலாம்ல,” என்றார் உக்கிரபாண்டி.

அவருடைய கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மருமகள் துர்காதேவி நாற்காலி போட்டாள். அந்த வீட்டில் முன்னறையில் மட்டும்தான் சிக்னல் வரும்.

“இன்னைக்கோட முடிஞ்சிரும் மாமா. பொறுத்துக்கங்க.”

திருச்சுழியில் ஒரு தனியார் பள்ளியில் துர்கா டீச்சர். மூன்று சனிக்கிழமை ஆன்லைன் பயிற்சியை முடித்துச் சர்டிபிகேட் காட்டினால்தான் ஜூனில் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி நடத்தும் அனுசியா மேடம் ரொம்பக் கறார். முகம் தெரிய வேண்டும், மைக்கை அமர்த்தி வைக்க வேண்டும், பின்னால் ஆள் நடமாடக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் போய்வருகிறேன் என்று சொல்லித்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் சர்டிபிகேட் கிடையாது. முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

செல்லைத் திறந்து டீச்சர்கள் குரூப்பைப் பார்த்தவள், தலையில் இருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

“பூ வைக்கக் கூடாதுன்னுமா சட்டம்?”

துர்கா உதட்டில் விரல் வைத்தாள். வகுப்பு தொடங்கிவிட்டது.

உக்கிரபாண்டி கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். கட்டம் கட்டமாக டீச்சர்கள். மேடத்தின் கட்டம் மட்டும் இருட்டாக இருந்தது. குரல் கம்மிப்போய் வந்தது. அதற்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம், ஆட்களின் பேச்சுச் சத்தம்.

“ஊரு மூஞ்சியெல்லாம் இவுகளுக்குத் தெரியணும், இவுக மூஞ்சியக் காட்ட மாட்டாக. கல்யாண வீட்டுல உக்காந்து பாடம் நடத்துறாக போல.”

நல்லவேளை, துர்காவின் மைக் அமர்த்தியிருந்தது.

நடுவில் இரண்டு முறை மேடம் பேச்சை நிறுத்தினார். படிக்காமல் வந்திருக்கிறது, பாடம் மறந்துவிட்டது என்று உக்கிரபாண்டி தலையை ஆட்டிக்கொண்டார்.

“அவ்வளவுதான் டீச்சர்ஸ்,” என்றது கடைசியில் குரல்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக மறைந்தது. துர்காவும் பேசாமல் செல்லை அமர்த்தினாள்.

உக்கிரபாண்டி பதறி எழுந்தார். “ஏத்தா, சொல்லாம வந்துட்டியே. சர்டிபிகேட்டு இல்லன்னா வேலைக்கு என்ன பண்ணுவ?”

“தெரியும் மாமா.”

“என்னத்தத் தெரியும்? அந்தம்மா எப்படியோ போகட்டும், மூணு வாரமாத் தொண்டை வத்தப் பேசியிருக்கு. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில உள்ள முத்தா கொட்டிரும்? போன வாரம் சொன்ன வாய்தானே?”

“போன வாரம் சொல்லலாம் மாமா. இன்னைக்கு எப்படிச் சொல்ல?”

“ஏன், இன்னைக்கு என்ன வந்துச்சு?”

துர்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அவுக அம்மாவ நேத்து சாயங்காலந்தான் எடுத்தாக. கிளாஸ நிப்பாட்டுனா எங்க வேலை போயிரும்னு, உறமொறையெல்லாம் வெளிய இருக்க ரூமுக்குள்ள வந்து உக்காந்து நடத்துனாக. எழவு வீட்டுக்குப் போயிட்டு, போயிட்டு வாரேன்னு யாரு மாமா சொல்லுவா?”

உக்கிரபாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“அது செல்லுத்தா. வீடு இல்ல,” என்றவர், தானும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமலே தெருவில் இறங்கி நடந்தார்.