ஜன்னலுக்குக் கீழே வந்த சாமிகள்

மூன்றாவது டைலையும் ஒட்டிவிட்டு, சிமெண்ட் ஈரம் காயாத கையோடு இரண்டடி விலகி நின்றார்.

பிள்ளையார். பக்கத்தில் மேரி மாதா. அதற்கடுத்து பிறையும் பள்ளிவாசலும்.

தெருவைப் பார்த்த வீட்டுச் சுவர் அது. மேலே படுக்கையறை ஜன்னல். கீழே, நேற்றுவரை, குப்பைக் கவர்களும் ஆண்கள் நின்றுவிட்டுப் போன ஈரமும்.

ஜன்னலுக்கு உள்ளே அவர் மனைவி படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து ஏழு மாதம். இடது கையும் காலும் வராது.

"ஜன்னலத் திறங்களேன்" என்று கேட்பதை நிறுத்தி நான்கு மாதம். எழுந்து உட்காருவதையும் அப்போதே நிறுத்திவிட்டாள்.

படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தினமும் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்.

"உட்காந்து எதப் பாக்கப்போறேன்?" என்பாள்.

வெளியிலிருந்து வரும் நாற்றத்துக்காக ஜன்னலை அவர் மூடியே வைத்திருந்தார்.

டைலில் இருந்த சாமிகளுக்குத் தெருவில் எல்லாரும் பயந்தார்கள். கவர் வரவில்லை. யாரும் வந்து நிற்கவில்லை. நாலாம் நாள் வாடை போயிற்று. ஜன்னலைத் திறந்தார். எதிர்வீட்டுப் புங்கமரத்தின் காற்று உள்ளே வந்தது.

ஐந்தாம் நாள் காலை, பிள்ளையாருக்குக் கீழே ஒரு லட்சுமி.

கண்ணாடி உடைந்த படம். சுவரில் பதவிசாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

போகி நெருங்கிக்கொண்டிருந்தது. வீடுகளை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். உடைந்த சாமியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. மரத்தடியிலோ கோயில் மதிலோரத்திலோ வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

இந்தச் சுவரில் எல்லாருக்கும் இடம் இருந்தது.

பத்து நாளில் பதினேழு. கரையான் அரித்த சரஸ்வதி. போன வருடக் காலண்டரில் குழந்தை ஏசு. சட்டம் கழன்ற வெங்கடாசலபதி, அழுகிய மாலையோடு. மாலை நிறைய ஈ.

ஜன்னலை மறுபடி மூடினார்.

குப்பை வண்டி தள்ளி வரும் எஸ்தரிடம் சொல்லிப் பார்த்தார்.

"வேற எதுன்னாலும் அள்ளிடுவேன் சார். சாமியக் குப்பை வண்டில ஏத்தி ஊர்கோலம் போகச் சொல்றீங்களா?"

"நீ சர்ச்சுக்குப் போறவதானம்மா."

"அதுக்கு? உங்க சாமிக்குக் கண்ணு இல்லியா, நான் அள்ளறதப் பாக்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது.

டைல்களைப் பெயர்த்துவிடலாம். குப்பை திரும்ப வரும். குப்பையையாவது எஸ்தர் எடுத்துவிடுவாள்.

உளியோடு சுவர்வரை போனார். பிள்ளையாரைப் பார்த்தார். உளியோடு திரும்பி வந்தார்.

கட்டிலோரம் வந்து உட்கார்ந்தவரை அவள் கேட்டாள்.

"எத்தன இருக்கு வெளில?"

"பதினேழு."



"பிள்ளையாரத் தண்ணில கரைக்கிறோம். படத்தக் கரைச்சா ஆகாதா? இங்க கொண்டாங்க."

குறடால் அவர் ஆணிகளைப் பிடுங்கினார். கண்ணாடி ஒரு சாக்கில், சட்டம் ஒரு சாக்கில். அவை வெறும் கண்ணாடியும் கட்டையும். எஸ்தர் தயங்காமல் எடுத்துப்போனாள். மாலையையும்.

மிச்சம் காகிதம். வாளித் தண்ணீரில் நனைத்து, பின்னாலிருக்கும் அட்டையிலிருந்து உரித்து, கூழாகும்வரை கசக்க வேண்டும்.

படுத்துக்கொண்டு கசக்க முடியாது.

அவர் தோளைப் பிடிக்கவில்லை. அவளே கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

ஒற்றைக் கையால் உரித்தாள். ஒவ்வொரு சாமியின் பெயரையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிவிட்டுத் தண்ணீரில் விட்டாள். குழந்தை ஏசுவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "தூங்குப்பா" என்றாள்.

கூழைச் செம்பருத்திக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு ஜன்னலை மூடவில்லை. காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எஸ்தர் படங்களைக் கம்பிகளுக்கிடையே சாய்த்து நீட்டுவாள்.

"அம்மா, இன்னிக்கு மூணு பேரு வந்திருக்காங்க."

"வரச் சொல்லு, வரச் சொல்லு."

பொங்கல் போயிற்று. மூன்று, இரண்டாயிற்று. இரண்டு, ஒன்றாயிற்று.

மாசியில் ஒரு காலை, "யாரும் வரலம்மா" என்றாள் எஸ்தர்.

மறுநாளும் அதையே சொன்னாள்.

நாலாம் நாள் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் எழவில்லை. தோளைத் தொட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பூஜை அலமாரியில் எல்லாப் படங்களுக்கும் சந்தனம் வைத்தார். ஒன்றின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார்.

சனிக்கிழமை, பால்காரர் வரும் முன்பே கதவைத் திறந்தார். மேல்துண்டுக்குள் எதையோ அணைத்தபடி சுவரோரம் போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சாய்த்து வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விடிந்ததும் வண்டி வந்தது.

"அம்மா, எழுந்திருங்க! முருகர் வந்திருக்காரு. யாரோ நல்லாத் தொடச்சு வெச்சிட்டுப் போயிருக்காங்க."

கட்டில் கிரீச்சிட்டது.

அவர் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

அவள் படத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். கண்ணாடியில் கீறல் இல்லை. முருகனின் நெற்றியை விரலால் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். சந்தனம்.

குறடு கேட்பாள் என்று அவர் காத்திருந்தார்.

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தார்.

"ஏங்க."

"ம்."

"இத மறுபடி நம்ம அலமாரியிலயே வெச்சிடுங்க."

சொல்லிவிட்டு அவள் படுக்கவில்லை. வலது கையால் தலையணையை முதுகுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.