கழுத்துக்குள் ஓர் இன்சார்ஜ்

தைத்து வந்த சட்டைகளைப் புரட்டிப் பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டு அவள் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

நிதானமாக அடித்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி.

அதுதான் பயமாக இருந்தது.

டீக்கு முன்னால் மெஷின்களை நிறுத்துவார்கள். லைன் முன்னால் நின்று அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேனேஜர் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இந்தக் கம்பெனியில் அவளை உட்காரச் சொன்னதே இன்றைக்குத்தான்.

"நீயா கத்துன கண்ணு? சீக்கு கத்துச்சு. அதை அப்படியே தண்டபாணிகிட்டச் சொல்லிப்போடு. முடிஞ்சுபோச்சு."

சொல்லாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது சிரிப்பிலேயே இருந்தது.

தண்டபாணி தையல் லைனின் இன்சார்ஜ். அவன் மேஜைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கட்டின டோக்கன். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து அவள் ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

லைன் முழுக்கப் பெண்கள். டோக்கன் ஒன்றே ஒன்று.

சித்திரை வெயிலில் ஒருநாள் பேச்சியக்கா எழுந்து நின்றாள். டோக்கன் ஆணியில்தான் இருந்தது.

"அந்த பண்டலை முடிச்சுப்போட்டு எந்திரி," என்றான்.

பேச்சியக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் நனைந்தது. தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதை உன் கழுத்துல மாட்டிக்கடா!"

செக்கிங் டேபிளிலிருந்து அவள் போட்ட கூச்சலில் மெஷின்கள் நின்றன.

கத்தி முடித்தும் கை நிற்கவில்லை. வீட்டுக்குப் போயும் நடுங்கியது. படுத்தாலும் நெஞ்சு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. தட்டுத் தட்டாகத் தின்றாள், உடம்பு கரைந்தது. தொண்டைக்குக் கீழே வீங்கியது. கண்ணாடியில் பார்த்தால் அவள் கண்கள் அவளையே முறைத்தன.

கிரேவ்ஸ் நோய் என்றார் டாக்டரம்மா.

தைராய்டு சுரப்பிமேல் தப்பில்லையாம். போதும் போதும் என்று மூளை எப்போதோ உத்தரவை நிறுத்திவிட்டதாம். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தலைமேல் ஏறி நின்றுகொண்டு, சுர, இன்னும் சுர என்று அதை விரட்டுகிறதாம்.

மூன்று வருடம் விலங்கியல் படித்தும் மண்டையில் ஏறாதது, தண்டபாணியை நினைத்ததும் ஏறிவிட்டது.

"படபடப்பு, எரிச்சல், கோபம் எல்லாம் வரும்மா. மாத்திரை போட்டா அடங்கிடும்."

"எந்தக் கோபம் டாக்டர்?"

டாக்டரம்மா பெல்லை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்குத்தான் நிம்மதி. "நான்கூட காலேஜ் படிச்ச திமிருன்னுல்ல நெனைச்சேன்! பாவம் புள்ள, சீக்கு." தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொன்னாள். அது கம்பெனிவரைக்கும் எட்டியது.

அவள் ஒவ்வொரு மாத்திரையையும் பயந்துதான் விழுங்கினாள்.

விழுங்காவிட்டால் இதயம் தாங்காது. விழுங்கினால் கூடவே என்ன போகும் என்று தெரியாது.

பிளஸ் டூ முடித்த கையோடு மாமன் மகனுக்குக் கட்டிவைக்கத் தட்டோடு வந்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்று, மாட்டேன், படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் யாரும் ஏறாத கல்லூரிப் படியில் ஏறியது அந்தக் கத்தலில்தான்.

அதுவும் சுரப்பியா?

நடுக்கம் போனது. சோறு உடம்பில் ஒட்டியது. கண்ணில் முறைப்புக் குறைந்தது. இந்த மாதம் முழுக்க அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சட்டைகளைப் புரட்டினாள். நெஞ்சு ஒரு துடிப்பைக்கூடக் கூட்டவில்லை.

மேனேஜர் சொன்னது நிஜம்தானோ.

தண்டபாணி சுவிட்சை அணைத்தான். மெஷின்கள் ஓய்ந்தன.

"என்னங்க அம்மிணி, ஒடம்பு தேவலைங்களா?" இடுப்பில் கைவைத்துக்கொண்டு லைனைப் பார்த்துச் சிரித்தான். "சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் எழுந்து போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

முன்வரிசையில் பேச்சியக்கா. நிமிரவில்லை. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் தண்ணீர் பாட்டில் இல்லை.

அடுத்த மெஷினைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

லைன் கடைசிவரைக்கும் பார்த்தாள். இந்த வெக்கையில், ஒருத்தியிடமும் பாட்டில் இல்லை. குடித்தால் எழுந்திருக்க வேண்டும்.

விரல் தன்னால் நாடிக்குப் போனது.

மாறவில்லை. நிதானமாகவே அடித்தது.

அவள் தண்டபாணியைச் சுற்றிக்கொண்டு ஆணியிடம் போனாள். டோக்கனை எடுத்தாள். நூல் வெட்டுகிற ட்ரிம்மரால் கயிற்றை நறுக்கினாள். ஒரே வெட்டு. டோக்கனையும் கயிற்றையும் வேஸ்ட் துணி மூட்டைக்குள் போட்டாள்.

"அக்கா, போயிட்டு வாங்க."

கத்தவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவளிடம் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

பேச்சியக்கா எழுந்தாள். பின்னால் இன்னொரு ஸ்டூல் தரையைத் தேய்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

தண்டபாணி அவள் கையைப் பார்த்தான். ட்ரிம்மர் அசையாமல் இருந்தது.

பிறகு அவசரமாக அவள் கழுத்தைப் பார்த்தான்.

வீக்கம் இல்லை.