ரெண்டு நிஜம், ஒரு பொய்

"ரெண்டு நிஜம், ஒரு பொய். உங்களைப் பத்தி மூணு விஷயம் சொல்லணும். அதுல எது பொய்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். சரியா?"

சண்முகவடிவு டீச்சர் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தாள். வேலையில் சேர்ந்த முதல் நாள். திருநெல்வேலியிலிருந்து வந்தவளுக்குக் கல்வராயன் மலையடிவாரத்து இந்த விடுதிப் பள்ளியில் ஒரு முகமும் பழக்கமில்லை.

கள்ளக்குறிச்சியில் நடக்கும் கூட்டத்துக்குக் கிளம்பிய தலைமையாசிரியர் அரங்கநாதன், வண்டியை உதைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அஞ்சாம் வகுப்புல புதுசா கொஞ்சம் பிள்ளைங்க சேந்திருக்குதுங்க டீச்சர். எல்லாம் ஒரே தெரு. வந்ததுலேருந்து வாயே தொறக்கல. எப்படியாவது பேச வச்சிடுங்க. மத்தத நான் வந்து சொல்றேன்."

பேச வைக்க அவளுக்குத் தெரிந்த வழி விளையாட்டுதான்.

"முதல்ல நான். எனக்குப் பல்லின்னா பயம். சின்ன வயசுல மாமரத்துல இருந்து விழுந்து கை ஒடைஞ்சிருக்கு. பாகற்காய்னா எனக்கு உயிர்."

"பாவக்கா பொய்!" வகுப்பே கத்தியது.

"பல்லிதான் பொய். பாகற்காய் நிஜமாவே பிடிக்கும்."

"அய்ய!" என்று முகத்தைச் சுளித்தான் பச்சமுத்து. ஒரே சிரிப்பு. அடுத்து அவனே முந்திக்கொண்டான்.

"எங்க மாமா போலீசு. நான் மரவள்ளிக் கெழங்கப் பச்சையாவே துன்னுவேன். எங்க வூட்டு எரும என்னை மட்டும் முட்டாது."

"மாமா பொய்! போலீசப் பாத்தா ஓடறவருடா உங்க மாமா!"

மறுபடியும் சிரிப்பு. ஜன்னலோரம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த புதுப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் கடைசியாக இருந்த ஒல்லிப் பெண்ணின் பக்கம் டீச்சர் திரும்பினாள்.

"உன் பேரு என்னம்மா?"

"சின்னப்பொண்ணு."

"நீ சொல்றியா? தப்பா சொன்னாலும் ஒண்ணுமில்ல. விளையாட்டுதானே."

சின்னப்பொண்ணு பக்கத்திலிருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். "எனக்கு நீச்சல் தெரியும். எங்க வூட்ல ஆடு இருக்குது. எங்கப்பா இப்பல்லாம் குடிக்கிறதே இல்ல."

பச்சமுத்து எழுந்தே நின்றுவிட்டான். "அப்பாதான் பொய் டீச்சர்! அப்பாதான் பொய்!"

"இல்ல," என்றாள் சின்னப்பொண்ணு. "அது நெஜம். ஆடுதான் பொய். ஆட்ட வித்துட்டோம்."

டீச்சர் அவளையே பார்த்தாள். டீச்சருடைய அப்பாவும் குடித்தவர்தான். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது, இனிமேல் தொட மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் தள்ளாடிக்கொண்டு வந்ததைப் பார்த்து, பரிசு வாங்கக்கூட மேடை ஏறாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் அவள். இந்தச் சின்னப் பெண் சர்வசாதாரணமாகச் சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்குக் கடைசி வரை வாய்க்கவே இல்லை.

"நிஜமாவா? கொஞ்சம்கூடக் குடிக்கிறதில்லையா?"

"இல்ல டீச்சர்."

"அம்மாகிட்ட சண்டை?"

"அதுவும் இல்ல. வூட்ல சத்தமே இல்ல."

"எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா இது! எல்லாரும் சின்னப்பொண்ணோட அப்பாவுக்கு நல்லா ஒரு கை தட்டுங்க, பாப்போம்."

வகுப்பு அதிரக் கை தட்டியது. புதுப் பிள்ளைகளின் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன. கூச்சம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

சத்தம் அடங்கியதும் சின்னப்பொண்ணுக்குப் பக்கத்திலிருந்த காசிநாதன் வாயைத் திறந்தான்.

"எங்கப்பாவும் குடிக்கிறதில்ல டீச்சர். வெளையாட்டுக்குச் சொல்லல, நெஜமாதான்."

"எங்கப்பாவும்," என்றாள் அவனுக்கு அடுத்தவள்.

"எங்கப்பாவும்தான். எங்க பெரியப்பாவும்."

வந்ததிலிருந்து வாய் திறக்காதவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். வந்த முதல் நாளே இப்படி ஒன்றைக் கேட்போம் என்று டீச்சர் நினைக்கவில்லை.

"எல்லாரும் சேர்ந்தா விட்டாங்க?"

"ஆமா டீச்சர்," என்றான் காசிநாதன். "எல்லாரும் ஒரே நாள்ல."

"பச்சமுத்து, கேட்டியா? உங்கப்பா பாக்க வந்தா இவங்க அப்பாங்களப் பத்திக் கட்டாயம் சொல்லணும்." அவன் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க டீச்சர்" என்றான்.

அவள் புதுப் பிள்ளைகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை உங்க அப்பாங்க எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. எல்லாரையும் மேடையில உக்கார வச்சு மாலை போடணும்னு எனக்கு ஆசையா இருக்கு."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க வர மாட்டாங்க டீச்சர்."

"ஏன்? வேலை கெட்டுப் போயிடும்னா? ஒரு நாள்தானே, நான் வந்து கேட்டா வர மாட்டாங்களா?"

புது டீச்சருக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்பதுபோல, சின்னப்பொண்ணு அவள் கையைத் தொட்டுச் சொன்னாள்.

"மால போடணும்னா நாமதான் டீச்சர் ஆத்தங்கரைக்குப் போவணும். அன்னிக்குக் குடிச்சது வெஷச் சாராயமாம். எல்லாரையும் பக்கத்துல பக்கத்துல அங்கதான் பொதைச்சிருக்காங்க."