டெஸ்ட் நோயாளி

ஆஸ்பத்திரிக்கான மென்பொருள் மறுநாள் நிஜ நோயாளிகளுக்குத் திறக்கிறது. சர்வருக்கு ஜாவா மொழியில் நிரல் எழுதுகிற மூத்தவர் எரிச்சலோடு பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

“டேய் தம்பி, சோதிச்சுப் பார்க்க நாம கற்பனையாப் போட்ட டெஸ்ட் நோயாளி எல்லாரையும் அழிச்சாச்சு. இந்த ஒருத்தரை மட்டும் ஏன் விடமாட்டேங்கிற?”

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதன் திரைப் பக்கங்களைச் செய்கிற இளைஞன் குனிந்துகொண்டான். “இருக்கட்டும்ண்ணே. உங்க பக்கமும் என் பக்கமும் சரியாப் பேசிக்குதான்னு பார்க்கத்தான்.”

“பேர்லதான் ரெண்டும் ஜாவா, மத்தபடி ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அதுங்களையும் பேச வச்சாச்சே! தினம் காலைல என் சர்வர் அவரை ‘எப்படி இருக்கீங்க?’ன்னு கேக்குது. அவரும் ஒருநாள் விடாம ‘நல்லா இருக்கேன்’ பட்டனை அமுக்குறார். யாரோ நிஜ ஆளோட நம்பரைப் போட்டுத் தொலைச்சியா? வம்பாயிடும்டா!”

“வேணாம்ண்ணே...”

மூத்தவர் அந்த நம்பருக்குப் போன் போட்டார். இளைஞனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

“இந்த ஊர்ல என்னை அப்படிக் கேக்குறது உங்க சர்வர் மட்டும்தாண்ணே.”

மூத்தவர் போனை வைக்கவில்லை. “எடுடா” என்றார். எடுத்தான்.

“எப்படிடா இருக்கே?”



“நல்லா இல்லண்ணே.”