கோதுமைக் கப்பலில் வந்தது

டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஆணியை வைத்து, அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டாள் சீனியம்மாள். தகரம் ஓட்டையானது.

உள்ளிருந்து வெளியேதான் அடித்தாள். வெளியிலிருந்து அடித்தால் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டு, வருகிற விருந்தாளியின் தோலைக் கிழித்துவிடும்.

விருந்தாளி வாசலில், கரீம் பாட்சாவின் கையிலிருந்த சாக்குக்குள் காத்திருந்தது. அவனுக்குப் பின்னால் பாதித் தாராவி நின்றது. தைரியசாலிகள் முன்வரிசையில் நின்றார்கள், ஓடுவதற்கு வசதியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமைக் கப்பலில் மூட்டை இறக்கும்போது அகப்பட்ட பாம்பு அது. சோளப் பாம்பு என்று கப்பல்காரன் ஒருவன் சொன்னானாம். விஷம் கிடையாதாம், அவன் ஊரில் வீட்டிலேயே வளர்ப்பார்களாம். மற்ற கூலிகள் தடியைத் தூக்குவதற்குள் கரீம் பாட்சா சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டான்.

அவன் ஒன்றும் பாம்புப் பிரியன் இல்லை. கரப்பான் பூச்சிக்கே கட்டிலில் ஏறி நிற்கிறவன். ஆனால் அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இந்த ஆறு வருஷமும், எந்தக் கப்பல் வந்தாலும் சீனியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். எந்த ஊர்க் கப்பல் தம்பி?

இன்று விடியற்காலையில்தான் அவனால் சரியான பதிலைச் சொல்ல முடிந்தது.

"நியூ ஆர்லியன்ஸ் மைனி. அண்ணாச்சி கடைசியா படம் போட்ட கார்டு அனுப்புனாகல்லா, அதே ஊரு."

அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். ஒரே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தக் கார்டுக்குப் பிறகு தகவலே இல்லை. கம்பெனியில் விசாரித்தால், அந்த ஊரில் கரையிறங்கியவர் திரும்ப வந்து ஏறவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இருக்கிறாரா, இல்லையா, வேறு யாரோடாவது இருக்கிறாரா என்று எதுவும் தெரியாமலே சீனியம்மாள் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரிலிருந்து உயிரோடு ஒன்று வந்திருக்கிறது. அது பாம்பாக இருந்தால்தான் என்ன என்று அவளுக்கு இருந்தது.

பெட்டி அவருடையது. அந்த ஒற்றை அறையில் மூடியோடு இருந்த பெட்டி அது ஒன்றுதான். ஆறு வருஷமாக மடிப்புக் கலையாமல் இருந்த அவர் சட்டைகளைக் காலையிலேயே எடுத்துக் கொடியில் போட்டாள். அந்துருண்டை வாடை போகப் பெட்டியைக் கழுவிக் காயவைத்தாள்.

ஒரு சட்டையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தாள். புது இடம், ஒளிந்துகொள்ள ஏதாவது வேண்டுமே. இன்னொரு மூலையில் சிரட்டையில் தண்ணீர் வைத்தாள். கதகதப்பு வேண்டும் என்று கப்பல்காரன் சொன்னதால், பெட்டியின் ஒரு பக்கத்தை அடுப்புச் சுவரோரம் தள்ளினாள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், இஷ்டப்பட்ட பக்கம் படுத்துக்கொள்ளட்டும்.

கிண்ணத்தில் பாலும் ஊற்றினாள். பால் குடிக்காது, எலிதான் தின்னும் என்று கரீம் பாட்சா சொன்னான். அவளும் கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததற்கு வெறும் தண்ணீரை எப்படிக் கொடுப்பது? கிண்ணத்தை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இத வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எப்படிக்கா ஒறங்குவே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி பஞ்சு.

"ஆறு வருசமா மட்டும் ஒறங்கிக்கிட்டா இருக்கேன்?"



கரீம் பாட்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைப் பெட்டிக்குள் கவிழ்த்தான். கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

செம்மண் நிற உடம்பு. முதுகு நெடுக மருதாணி வைத்தது போலச் சிவப்புத் திட்டுகள். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பாலைச் சீண்டக்கூட இல்லை. சட்டையைக் கண்டதும் காலர் வழியாக நுழைந்து, கைக்குள் மெல்ல ஊர்ந்து, மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் தலையை நீட்டியது.

சீனியம்மாளுக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். பிறகு மூடியைச் சாத்தி, கொக்கியை மாட்டி, போதாததற்கு மேலே குழவியையும் தூக்கி வைத்தாள். இதுவாவது எங்கேயும் போய்விடக் கூடாது.

அவளைச் சிரிக்க வைக்க நினைத்துக் கரீம் பாட்சா கேட்டான்.

"அமெரிக்காக்காரனுக்கு என்ன பேரு வைக்கப் போறீக மைனி?"

அவள் முட்டி போட்டு, மூடியின் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஆறுமுகநயினாரு."

கரீம் பாட்சாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அது அவள் வீட்டுக்காரர் பெயர். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாயில் அது வந்ததில்லை. ரேஷன் கார்டுக்காரன் கேட்டபோதுகூட கரீம் பாட்சாதான் சொன்னான்.

அவர் கப்பலேறின அன்றைக்கும், துறைமுக வாசலில், போக வேண்டாம் என்று சொல்லிவிட அவளுக்குத் திடீரென்று துணிச்சல் வந்தது. அதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். இந்தாருங்க, இந்தாருங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். யார் யார் வீட்டுக்காரர்களோ, நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை.

"அதுக்குக் காது கெடையாது மைனி" என்றான் கரீம் பாட்சா, தணிந்த குரலில்.

"இருக்கட்டும்."

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை தெருக்கோடி வரைக்கும் கேட்டது.