அமைதின்னா பஸ் வராது

அத்தை தன் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார்.

“படிச்சுச் சொல்லு. உன் பாஷைதானே?”

பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப்போகிறார். மாதக் கடைசிக்குள் அத்தை காலி செய்தாக வேண்டும்.

கைப்பேசியில் இருந்தது ஒரு முதியோர் இல்லத்தின் இணையப் பக்கம். அவருடைய மகன் அனுப்பியது.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியவர். அவருக்குப் பிடிபடாதது இந்த ஆங்கிலம். சுற்றுலாத் தளங்களுக்கு நான் தினமும் எழுதுகிற ஆங்கிலம்.

இதில் எந்த ஓட்டலும் சும்மா ஒரு தெருவில் இருக்காது; பசுமையின் மடியில் பொதிந்திருக்கும். ‘கிராமிய அழகு’ என்று நான் எழுதினால், கழிப்பறைத் தாழ்ப்பாள் விழாது என்று பொருள்.

“செரீன்னு போட்டிருக்கான். அமைதி. நல்லதுதானே?”

“அமைதின்னா பஸ் வராது அத்தை.”

“கோஸி?”

“கட்டில்ல இருந்து இறங்கினா சுவத்துல முட்டிக்குவீங்க.”

“வீட்டுச் சாப்பாடுங்கறானே?”

“போட்டதைச் சாப்பிடணும், வேற கேக்கக் கூடாது.”

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடிப்பாவி! இதையெல்லாம் நான் நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதுவேன். நீ ஒரே வார்த்தையில மூடி வெச்சிடறியே!”

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியை மெல்ல எழுத்துக்கூட்டினார்.

“வைப்ரன்ட் கம்யூனிட்டி. இதுக்கு என்ன?”

இதற்கு மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

“பேச ஆள் இருக்கும்.”

“அப்ப அது போதும்,” என்றார்.

பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்து நகத்தால் அதன் நுனியைத் தேட ஆரம்பித்தார். அது அகப்படவில்லை. நான் வாங்கித் தேடினேன். எனக்கும் அகப்படவில்லை.

“என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு,” என்றேன்.

அத்தை நிமிர்ந்தார். “எப்படி இருக்கும்?”

ஒரு நாளைக்குப் பத்து ஓட்டலுக்கு வர்ணனை எழுதுகிறவள். நாக்கில் ஒரு வர்ணனையும் வரவில்லை.

“பத்தடிக்கு ஒம்பதடி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவரு. குழாய் சொட்டும். பாத்ரூம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆறு மணிக்கு மேல நான் வீட்டுல இருப்பேன்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“எலி?”

“இல்ல.”

“மேல் டேங்க் எப்பக் கழுவினது?”

“போன மாசம்.”

“பொய் சொல்லாத.”

“தெரியாது அத்தை.”

“நான் வந்து பாத்துக்கறேன்,” என்றார்.

அப்போதுதான் அவர் மகன் அழைத்தான். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

“இடம் கிடைச்சிடுச்சுடா. என் மருமக வீடு.”



அவனுக்கும் எனக்கும் விவாகரத்தாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.