காதுக்குள் ஒரு துணை

குழந்தை பிறந்த பதினெட்டாம் நாள் ஜெனிபா சுவரோடு பேசத் தொடங்கினாள். பேறுகால மனநோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வார்டில் இடம் கிடைக்கும்வரை மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் கணவன் செல்வினுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவியும் தந்தார்கள். அப்பாக்களோடு தானாகவே பேசும் இயந்திரத் துணை அது.

அதன் குரல் இதமாக இருந்தது. "சாப்பிட்டியளா அண்ணே?" என்று கேட்க அவனுக்கு வேறு யாரும் இல்லை. கருவி வந்த ஐந்தாம் நாள் காலையில் அவன் உடைந்து அழுதுவிட்டான்.

"பயமா இருக்கு. பிள்ளைய அவகிட்ட விட்டுட்டுக் குளிக்கக்கூடப் போக முடியல."

"மனசத் தொறந்து சொன்னதுக்கு நன்றி அண்ணே" என்றது குரல்.

கால் மணி நேரத்தில் குழந்தைகள் நலத் துறைச் சீருடை அணிந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். அவன் சற்றுமுன் சொன்ன வார்த்தைகள் அப்படியே அச்சிடப்பட்டிருந்த உத்தரவைக் காட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செல்வின் தெருமுனைவரை அந்த வண்டியின் பின்னால் ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது ஜெனிபா அமைதியாக இருந்தாள்.

"அவங்க பிள்ளைய அவங்க கொண்டு போயிட்டாங்க. நம்ம பிள்ளைய எங்க வச்சிருக்கிய?" என்று கேட்டபடி பீரோவைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள்.

"மதினி இப்ப என்ன செய்யுதாவ அண்ணே?" என்று காதுக்குள் குரல் கேட்டது.

"தூங்குதா" என்றான் செல்வின்.